கையை விட்டு நிற்கத் தெரிந்தவர் தாண்டட்டும்

கடந்த டிசம்பர் விடுமுறையில் ஒரு பின்னேரம். காலையில் டொல்பின் பார்க்கக் கடலுக்குப் போய் வந்த கூட்டம் ஆலங்குடாக் கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. நான் மின்னியை ஈர மணல் ஓரமாக நடத்திக்கொண்டு வந்தேன். மின்னி என் பெண்குதிரை. நுவரெலியாப் பந்தயத் திடலில் ஓடி ஓய்ந்தவள், இப்போது வயது பதினாறு. தூர இடத்திலிருந்து வந்த ஒருவர் எங்களை மறித்தார். பக்கத்தில் அவருடைய மகன், பன்னிரண்டு வயது இருக்கும். கடல் ஒதுக்கிய தென்னங்குற்றி ஒன்று மணலில் குறுக்கே கிடந்தது.

“காக்கா, மகன ஏத்தி இந்தக் குத்திக்கு மேலால ஒருக்காப் பாய விடுங்க. வீடியோ எடுக்கணும். காசு எவ்வளவு எண்டாலும் பரவாயில்ல.”

“மகன் முன்னப் பின்னக் குதிரை ஏறியிருக்காரா?”

“இல்ல. அதான் நீங்க இருக்கீங்களே.”

முடியாது என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வேறொரு கரையில் ஒருவர் இதைச் செய்கிறாரே, உங்களுக்கு மட்டும் என்ன என்று கேட்டார். அவர் சொன்னது உண்மைதான். அதற்கு முந்திய வாரம் நானே என் கண்ணால் பார்த்தேன். இடத்தையும் ஆளையும் சொல்லப் போவதில்லை, சொல்லி ஒருவருடைய சோற்றில் மண் அள்ளிப் போட எனக்கு விருப்பமில்லை. இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய்களுக்கு மேல் ஒரு கம்பு. இளைஞர் ஒருவர் ஏறியிருந்தார். குதிரை ஓடி வந்து எழும்பிய நொடியில் அவர் துடுப்பு வலிக்கிறவர் போலப் பின்னுக்குச் சாய்ந்தார். கை இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. குதிரையின் வாய் ஆவென்று பிளந்தது, தலை வானத்தைப் பார்த்தது, பின்னங்கால்கள் கம்பில் இடித்தன. மறுபக்கம் இறங்கியபோது அவருடைய முழுப் பாரமும் அதன் முதுகில் தொம்மென்று விழுந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். உதட்டு மடிப்பில் நூல் கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. வாயோர நுரை இளஞ்சிவப்பாக இருந்தது.

அந்த நுரை கண்ணை விட்டுப் போகாததால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. குதிரையைத் தடை தாண்ட வைக்க ஆசைப்படுகிறவர், முதலில் கடிவாள வாரைத் தொடாமல், அங்கவடியில் எழுந்து நின்றபடி, ஓடும் குதிரையில் ஒரு சுற்று வந்து காட்ட வேண்டும். காட்ட முடியாதவரை, எவ்வளவு காசு தந்தாலும், எந்தக் குதிரைக்காரரும் தாண்ட விடக் கூடாது.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, மன்னாரிலிருந்து கடல் வழியாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்த பிள்ளைகளில் ஒருவன் நான். அப்போது வயது ஒன்பது. ஆலங்குடாவில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தேன். அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் மன்னார்த் தெருக்களில் திரிகிற கழுதைகள்தான். 2004இல் கட்டாருக்கு வேலைக்குப் போனேன். தோட்ட வேலை என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள், கொண்டுபோய் விட்டது ஒரு குதிரை லாயத்தில். சாணம் அள்ளுவதில் தொடங்கிச் சைஸாக, அதாவது குதிரை பார்ப்பவனாக, பதினொரு வருடம் அங்கே இருந்தேன். தடை தாண்டும் குதிரைகள் இருந்த லாயம் அது. அங்கே பயிற்சி கொடுத்த எகிப்துக்காரர் ஒருவரை எல்லோரும் உஸ்தாத் என்போம். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் போட்ட பிச்சை.

முதல் தடவை நான் தடை தாண்டியதும் அந்த டிசம்பர் இளைஞர் தாண்டியது போலத்தான். முழங்கால் உயரக் கம்பு. குதிரை எழும்பியதும் பயத்தில் வாரைப் பிடித்துத் தொங்கினேன். விழவில்லை. விழாமல் தப்பியதே பெரிய வெற்றி என்று நினைத்து இறங்கினேன். உஸ்தாத் ஒன்றும் பேசவில்லை. கடிவாளத்தைக் கழற்றிக் கொண்டு வந்து, அந்த இரும்பை என் இரண்டு கையிலும் தந்தார். எச்சில் ஈரமும் சூடும் இன்னும் இருந்தது. “கண்ணை மூடு. நீதான் குதிரை” என்றார். வாரின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் போய் நின்றார்.

முதலில் ஒரு விரலை மட்டும் மடக்கினார். என் உள்ளங்கையில் அது தெரிந்தது. ஒரு விரல் அசைவு, ஐந்தடி தூரத்திலிருந்து! பிறகு மணிக்கட்டைத் திருப்பினார், அதுவும் தெரிந்தது. பிறகு ஒன்றும் சொல்லாமல் சட்டென்று ஒரு இழுப்பு. இரும்பு என் விரல் எலும்பில் மோதியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இது கை. தோல் தடித்த கை. அதற்கு வாய்” என்றார். பிறகு என்னைக் குதிரையிடம் கூட்டிப் போய், அதன் உதட்டை மெதுவாக விலக்கிக் காட்டினார். குதிரைக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் பல்லே இல்லாத ஒரு வெற்றிடம் இருக்கிறது. கீழ்த்தாடையில் அந்த இடத்தில் எலும்பு மேடு போல நிற்கும், அதற்கு மேல் மெல்லிய தோல் மட்டும்தான். கடிவாள இரும்பு கிடப்பது அந்த இடத்திலும் நாக்கின் மேலும். நான் தொங்கியது அந்தத் தோலைப் பிடித்து.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் எனக்கு வாரே தரவில்லை.

தடை தாண்டும்போது எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பலர் அழகுக்கான விஷயம் என்று நினைக்கிறார்கள். முதுகு நேர், குதிகால் கீழே, பார்வை முன்னே என்று படத்தில் பார்த்து மனப்பாடம் செய்கிறார்கள். அந்த இருப்பு ஒவ்வொன்றும் குதிரையின் உடம்பிலிருந்து பிறந்தது. குதிரை தாண்டும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். தடைக்கு முன் கழுத்தைத் தாழ்த்தி நீட்டி உயரத்தை அளக்கும். முன்னுடம்பைத் தூக்கும். பின்னங்கால் இரண்டையும் வயிற்றுக்கடியில் கொண்டு வந்து நிலத்தை உதைத்து எழும்பும். மேலே போனதும் கழுத்து முன்னுக்கு நீண்டு கீழே வளைய, முதுகு வில்லாக வளையும். அந்த வளைவு இருந்தால்தான் பின்னங்கால் மடங்கிக் கம்பைத் தாண்டும். ஆக அதற்குத் தேவைப்படுவது இரண்டு. கழுத்தை நீட்ட விட வேண்டும், முதுகை வளைய விட வேண்டும். கடிவாளத்தை இழுக்கிறவர் முதலாவதைப் பறிக்கிறார். பின்னுக்குச் சாய்ந்து இடுப்பில் குந்துகிறவர் இரண்டாவதைப் பறிக்கிறார். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் அந்தக் கரையில் நான் பார்த்ததுதான் நடக்கும்.

இன்னொன்று. குதிரைக்குக் கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், மூக்குக்கு நேர் முன்னால் கிட்டத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. தடையை அண்மிக்கும் கடைசி நொடியில் கம்பு அந்த இருட்டுக்குள் போய்விடும். முன்னே பார்த்து வைத்த கணக்கை நம்பித்தான் அது எழும்புகிறது. அந்த நொடியில் மேலே இருக்கிறவர் ஆட்டி அசைப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு படி இறங்குகிறவரின் தோளைப் பிடித்து உலுக்குவதற்குச் சமம்.

அப்படியானால் சரியான இருப்பு எது? ஆலங்குடாப் பிள்ளைகளுக்கு இதை விளக்க எனக்கு வெளிநாட்டு உதாரணம் தேவைப்படவில்லை. விடியக் காலையில் ஃபைபர் வள்ளம் அலை உடைத்துப் போவதைப் பாருங்கள். பலகையில் சப்பென்று குந்தியிருக்கிறவருக்கு ஒவ்வொரு அலைக்கும் முதுகெலும்பு கலங்கும். அணியத்தில் நிற்கிற பொடியனுக்கு ஒன்றும் ஆகாது. பாதம் பலகையில் ஒட்டியிருக்கும். கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் அலைக்கு ஏற்றபடி மடங்கி விரியும். தலை மட்டும் ஒரே மட்டத்தில் போகும். வள்ளம் எழும்பி அவனிடம் வருகிறது, அவன் எழும்பி வள்ளத்துக்குப் போவதில்லை. கையில் கயிறு இருந்தாலும் அதில் தொங்க மாட்டான், ஏனென்றால் அவன் நிற்பது காலில்.

குதிரை மேலும் அதே கதைதான். அங்கவடியை வழக்கத்தை விட ஓரிரு துளை கட்டையாக்க வேண்டும். பாரம் முழுவதும் குதிகாலுக்கு இறங்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே உள்ள கால், குதிரையின் வயிற்றுவார் பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டும். குதிரை எழும்பும்போது நம்முடைய வேலை முன்னுக்குப் பாய்வதில்லை. இடுப்பு மடிந்து பின்னுக்குப் போகும், நெஞ்சு தானாகக் கீழே வரும். குதிரை எழும்புகிற அளவுதான் நம் மடிப்பு. சிறிய தடைக்குச் சிறிய மடிப்பு, பெரியதற்குப் பெரியது. கண் தடையைப் பார்க்கக் கூடாது, அதற்கு அப்பால் போகப்போகும் இடத்தைப் பார்க்க வேண்டும். கை குதிரையின் வாயைத் தொடர்ந்து முன்னே போக வேண்டும். முழங்கையிலிருந்து இரும்பு வரை ஒரு நேர்கோடு. அது வராதவர்கள் இரு கையையும் பிடரி ஓரமாகக் கழுத்தில் ஊன்றிக்கொள்ளலாம். உஸ்தாத் வைத்த சோதனை ஒன்று உண்டு. இந்தக் கணத்தில் குதிரையை மாயமாக எடுத்துவிட்டால் நீ எப்படி விழுவாய்? குண்டி அடிபட விழுவாய் என்றால் பின்னுக்கு இருக்கிறாய். மூக்கு அடிபட என்றால் முன்னுக்கு இருக்கிறாய். இரண்டு காலில் நிற்பாய் என்றால் சரி.

முன்னுக்குப் பாய்கிற பிழையை லேசாக எண்ணிவிடாதீர்கள். பின்னுக்குச் சாய்வது குதிரைக்கு நோவு என்றால், இது ஆளுக்கே ஆபத்து. கொஞ்சம் பழகியவர்கள்தான் இதைச் செய்வார்கள். குதிரை எழும்பும் முன்பே கழுத்தில் படுத்துவிடுவார்கள். பாரம் முன்தோளில் ஏறுவதால் குதிரை முன்னங்காலைத் தூக்கப் பிந்தும். தாண்டாமல் நின்றுவிட்டால் மேலே இருப்பவர் மட்டும் தாண்டிப் போவார். சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995 மே மாதம் வர்ஜீனியாவில் நடந்த ஒரு போட்டியில், குதிரை தடைக்கு முன் சட்டென்று நின்றதால் தலைக்கு மேலால் போய் விழுந்தார். கை கடிவாளத்தில் சிக்கியதால் ஊன்ற முடியவில்லை. தலைக்கவசம் போட்டிருந்தும் கழுத்தெலும்பு நொறுங்கி, 2004இல் இறக்கும் வரை சக்கர நாற்காலியில் இருந்தார். பயின்ற மனிதர், பழகிய குதிரை. அப்படியிருக்க, முன்பின் ஏறாத பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தலைக்கவசம் கூட இல்லாமல் தென்னங்குற்றியைத் தாண்ட விடு என்கிறார் தகப்பன்.

பின்னுக்குச் சாய்வது ஒரு காலத்தில் பிழை என்றே கருதப்படவில்லை. சொல்லப்போனால் அதுதான் பாடம். ஐரோப்பியக் குதிரைப்படைகளில் 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை, அங்கவடியை நீட்டி விட்டு, காலை முன்னுக்குத் தள்ளி, தாண்டும்போது பின்னுக்குச் சாய்ந்து, குதிரையின் தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இறங்கும்போது முன்னங்கால் தாங்காது, நாம் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று நம்பினார்கள். அதை மாற்றியவர் ஃபெடரிகோ காப்ரில்லி என்ற இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி. அவர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. ஆளை ஏற்றாமல் குதிரைகளைத் தனியாகத் தாண்ட விட்டு, அவை எப்படித் தாண்டுகின்றன என்று நின்று பார்த்தார். குதிரைக்குத் தாண்டத் தெரியும், நாம்தான் குழப்புகிறோம் என்று கண்டுகொண்டார். பினெரோலோ குதிரைப்படைப் பள்ளியில் அங்கவடியைக் கட்டையாக்கி, உடம்பை முன்னே மடித்து, கையை விட்டுக் கொடுத்துத் தாண்டப் பழக்கினார். 1902இல் டூரினில் மெலோப்போ என்ற குதிரையில் 2.08 மீற்றர் தாண்டிக் காட்டினார். 1907இல், நாற்பது வயது ஆகுமுன், குதிரையில் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். அவர் காட்டிய இருப்பில்தான் இன்று உலகம் முழுவதும் தாண்டுகிறார்கள்.

1949 பெப்ரவரி 5ஆம் திகதி சிலி நாட்டின் வின்யா டெல் மாரில் அல்பெர்த்தோ லர்ராகிபெல் என்ற இராணுவ அதிகாரி, உவாசோ என்ற குதிரையில் 2.47 மீற்றர் தாண்டினார். இன்று வரை அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. உவாசோவும் மின்னியைப் போலப் பந்தயத்துக்கு உதவாதது என்று ஒதுக்கப்பட்ட குதிரை. தாண்டியபோது அதற்கும் பதினாறு வயது. அந்தப் படம் என்னிடம் தொலைபேசியில் இருக்கிறது. ஏற வருகிற பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் காட்டுவேன். கையைப் பார், எங்கே போயிருக்கிறது என்பேன்.

இதற்கெல்லாம் முன்பு, 2,300 வருடங்களுக்கும் முன்னால், கிரேக்கர் செனபோன் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் காலத்தில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. அப்போதே அவர் சொல்லிவிட்டார், தாண்டும்போது பிடரி மயிரைப் பிடித்துக்கொள், கடிவாளம் குதிரையை நோகடிக்கக் கூடாது என்று. உஸ்தாத் எனக்குச் செய்ததும் இதுதான். வாருக்குப் பதிலாகக் குதிரையின் கழுத்தில் ஒரு தோல்வாரை மாலையாகப் போட்டு, பயம் வந்தால் இதைப் பிடி என்றார். நான் மின்னிக்குப் போடுவது பழைய சேணத்தின் அங்கவடி வார். காசு செலவில்லாத சாமான். எங்கள் கரையில் குதிரை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நாளைக்கே கட்டலாம்.

குதிரை நமக்குப் புதியதல்ல. புத்தளம் கடலேரிக்கு வடக்கே, வில்பத்துக் காட்டின் கரையில் குதிரைமலை என்றே ஒரு முனை இருக்கிறது. செம்மண் சரிந்து கடலில் விழுகிற இடம். அங்கே ஒரு பெரிய குதிரைச் சிலை நின்றதாகவும், அல்லி அரசாணி ஆண்ட இடமென்றும் மீன்பிடிக்கப் போகிறவர்கள் சொல்வார்கள். உரோமர் பிளினி எழுதிய ஹிப்புரோஸ் துறைமுகம் அதுதான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்றால் குதிரை. நெடுந்தீவில் ஒல்லாந்தர் வளர்த்த குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்னும் கட்டாக்காலியாகத் திரிகின்றன. அரபுக் கடல் வழியாகக் குதிரை வந்து இறங்கிய கரைகள் இவை.

ஆனால் குதிரை வந்த அளவுக்கு, குதிரையைப் பற்றிய அறிவு வந்ததா? 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் எதிர்க்கரைப் பாண்டி நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ எழுதியது நெஞ்சைச் சுடுகிறது. அரசன் வருடத்துக்கு 2,000க்கு மேல் குதிரை வாங்குகிறான், வருட முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை, பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் செத்துப் போகின்றன என்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே வந்துவிட்டால் தங்கள் வியாபாரம் படுத்துவிடும் என்று, குதிரை விற்ற வணிகர்கள் அவர்களை வர விடவில்லையாம். கட்டாரில் ஒரு இரவு, காய்ச்சல் கண்ட குதிரைக்குப் பக்கத்தில் காவலிருந்தபோது லாயத்து மலையாளிக் கூட்டாளி ஒருவர் இந்தக் கதையைச் சொன்னார். அன்று நான் உறங்கவில்லை. எழுநூறு வருடம் கழித்தும் அதே பிழையைத்தான் செய்கிறோம். குதிரைக்குக் காசு கொடுக்கிறோம். கற்றுக்கொள்ள நேரம் கொடுக்க மாட்டோம் என்கிறோம்.

நம்மால் முடியாத காரியமா இது? 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மதில்டா கார்ல்சன் என்ற பெண் சோப்பின் என்ற குதிரையில் இலங்கைக்காகத் தடை தாண்டினார். இலங்கையில் பிறந்து, கைக்குழந்தையாகச் சுவீடன் குடும்பம் ஒன்றுக்குத் தத்துப் போனவர். இலங்கையிலிருந்து ஒலிம்பிக் குதிரையேற்றத்துக்குப் போன முதல் ஆள் அவர். அதே ஒலிம்பிக்கில் பெங்களூரு ஃபுஆத் மிர்சா இந்தியாவுக்காக இறங்கி 23ஆம் இடத்துக்கு வந்தார். அவர்கள் வளர்ந்த இடங்களில் பயிற்றுநர் இருந்தார், மிருக வைத்தியர் இருந்தார், மென்மணல் பரப்பிய திடல் இருந்தது. எங்களிடம் இருப்பது காற்றும் மணலும் தென்னந்தோப்பும்.

மணலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடற்கரை மணல் மெத்தை மாதிரி, விழுந்தாலும் நோகாது என்று சொல்கிறார்கள். ஆளுக்கு நோகாமல் இருக்கலாம். குதிரை இறங்கும்போது முதலில் நிலம் தொடுவது ஒற்றை முன்னங்கால். அதன் முழு எடையை விடக் கூடிய விசை அந்தக் கணத்தில் அந்த ஒரு காலில் இறங்கும். குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது என்றே சொல்லலாம், எலும்பும் கயிறு போன்ற தசைநாணும்தான். காய்ந்த மணலில் குளம்பு புதைந்து அந்த நாண் அளவுக்கு மீறி இழுபடும். அது ஒரு தரம் கிழிந்தால் மாதக்கணக்கில் ஆறாது, ஆறினாலும் பழைய நிலைக்கு வராது. ஈர மணல் இறுக்கமானது, ஆனால் நம் கடலில் வற்றும் பெருக்கும் குறைவு என்பதால் அந்த ஈரப்பட்டை ஒடுங்கியது, கடல் பக்கம் சரிந்தும் கிடக்கும். நடக்கலாம், ஓடலாம். தாண்டும் இடம் அதுவல்ல. நான் தோப்புக்குள் ஒரு துண்டை மட்டமாக்கி, மேலே மணலும் தும்புத் தூளும் கலந்து போட்டு, தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறேன். கற்பிட்டிப் பக்கம் தும்புத் தூளுக்கா பஞ்சம்?

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்று சொல்கிறோமே, அந்தப் பழமொழியை நான் வாயில் எடுப்பதில்லை. இத்தனை வருடத்தில் ஆளைத் தள்ள வேண்டும் என்று தள்ளிய குதிரையை நான் இரண்டோ மூன்றோதான் கண்டிருக்கிறேன், அவற்றுக்கும் முதுகில் புண் இருந்தது. மற்றவை எல்லாம் நோவுக்குத் துள்ளியவை, பயத்துக்கு ஒதுங்கியவை. கழுத்தை நீட்ட விடாமல் ஒவ்வொரு தடையிலும் வாயில் அடித்தால், அடுத்த தடையில் அது நிற்காமல் என்ன செய்யும்? தாண்டினால் நோகும் என்று நாம்தான் அதற்குப் படிப்பித்தோம். பிறகு பிடிவாதக் குதிரை என்று சவுக்கை எடுக்கிறோம்.

ஓதப் போகிற பிள்ளைகளிடம் நான் கேட்பதுண்டு. குர்ஆனின் நூறாவது அத்தியாயம் எதன் மீது சத்தியம் செய்து தொடங்குகிறது? மூச்சிரைக்க விரைந்தோடும் குதிரைகள் மீது. அத்தனை மதிப்புக் கொடுத்த ஒரு படைப்பின் வாயைக் கிழித்துத்தான் வீடியோ எடுக்க வேண்டுமா?

வாடிக்கையாளர் கேட்கிறார், இல்லை என்றால் அடுத்தவரிடம் போய்விடுவார் என்று குதிரை வைத்திருக்கும் சகோதரர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. தீனி விலை எனக்கும் தெரியும். ஓராள் மட்டும் மறுத்தால் நட்டம். அதனால்தான் எல்லோரும் ஒன்றாக மறுப்போம் என்கிறேன். தாண்டுவதற்கு வாங்கும் காசை, வார் இல்லாமல் நிற்கப் பழக்கும் அரை மணி நேரத்துக்கு வாங்குவோம். குதிரையை நீண்ட கயிற்றில் கட்டி நாம் நடுவில் நின்று வட்டமாக ஓட்டுவோம், வந்தவர் கழுத்துவாரைப் பிடித்து எழுந்து நிற்கட்டும், பிறகு ஒரு கையை விடட்டும், பிறகு இரண்டையும். அது வந்ததும் நிலத்தில் கம்பு போடலாம். சிறு ஓட்டத்துக்குக் கம்புக்குக் கம்பு நாலேகால் அடி, குதிரையின் அடிக்கு ஏற்ப ஒரு சாண் முன்பின்னாக. அதிலும் கை அசையவில்லை என்றால் இரண்டு கம்பைப் பெருக்கல் குறி போலச் சாய்த்து, நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு வைக்கலாம். விடுமுறைக்கு இரண்டு நாள் வருகிறவருக்கு அவ்வளவு தூரம் வராது. வராவிட்டால் என்ன? எழுந்து நின்று கையை விரித்து ஓடுகிற வீடியோ, தென்னங்குற்றி வீடியோவை விட நூறு மடங்கு நன்றாக இருக்கும். பிரதேச சபையும் சுற்றுலா அதிகாரிகளும் இதை ஒரு நிபந்தனையாக்கினால் இன்னும் நல்லது. தலைக்கவசமும், வருடத்துக்கு இரு தரம் மிருக வைத்தியர் பல்லும் வாயும் பார்ப்பதும் அதில் இருக்க வேண்டும். ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. கழுத்துவார் கட்ட யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

எங்கள் ஊரில் ஒரு பொடியன் இருக்கிறான், பதினாலு வயது. விடிய வள்ளத்தில் மாமாவோடு போவான், பின்னேரம் பாடசாலை முடிந்ததும் என் தோப்புக்கு வருவான். வந்த முதல் நாளே அங்கவடியில் எழுந்து நின்றான், நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. குதிகால் தானாக இறங்கியது. அவனுக்குப் பிரச்சினை கைதான். கையில் எதையாவது கொடுத்தால் இறுக்கிப் பிடிப்பான். வலை இழுத்துப் பழகிய கை. ஐந்து மாதம் வாரை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் வைத்துவிட்டேன். சலித்தான், ஒரு வாரம் வராமலும் இருந்தான். திரும்பி வந்தான்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, கச்சான் காற்று தென்னோலையை அடித்துக்கொண்டிருந்த நேரம், சாய்த்து வைத்த கம்புக்கு மின்னியை விட்டேன். பொடியன் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்திருந்தான். “அலை வருது மகன், நில்லு” என்றேன். மின்னி கழுத்தை நீட்டி ஒரு தரம் பார்த்தாள். எழும்பினாள். அவன் இடுப்பு பின்னுக்குப் போனது, நெஞ்சு தாழ்ந்தது, கண் தோப்பின் கடைசி மரத்தில் இருந்தது. ஒரு சாண் உயரம்தான். மறுபக்கம் இறங்கி நாலு அடி ஓடி, தானாக நடைக்கு வந்தாள். வாயில் நுரை வெள்ளையாக இருந்தது. அவன் குனிந்து அவள் கழுத்தைத் தட்டிவிட்டு, “மாமா, இன்னொருக்கா?” என்றான். இன்றைக்குப் போதும் என்று வயிற்றுவாரைத் தளர்த்தினேன்.